தண்டவாளத்தில் விழுந்த சூடு

அந்த வருஷம் சித்தூர்ப் பக்கம் மாங்காய்க்கு விலையே இல்லை. மரத்துக்கு என்ன தெரியும், அது பாட்டுக்குக் காய்த்துத் தள்ளிவிட்டது. ஜூஸ் ஃபேக்டரி வாசல்களில் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. நின்ற இடத்திலேயே காய் கனிந்து, கனிந்தது கசிந்து, கடைசியில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். அப்படித் திரும்புகிற வண்டிகள் புத்தலப்பட்டைத் தாண்டி மேட்டில் இருக்கிற ரயில்வே கேட் வழியாகத்தான் ஊருக்குப் போக வேண்டும். அந்தக் கேட்டைத் திறந்து மூடுகிறவள் கேசியா.

முனிரத்தினத்தின் டிராக்டர் சரியாகத் தண்டவாளத்தின் மேல் வரும்போது டிரெய்லரின் பின்கதவுக் கொக்கி தெறித்தது. ஒரு லோடு பழமும் தடதடவென்று கேட்டுக்குள் கொட்டியது. பதறிப்போன மனிதர் வண்டியைப் பின்னால் எடுத்து, முன்னால் எடுத்து, பழத்தையெல்லாம் நசுக்கிச் சேறாக்கினார். அந்தச் சேற்றிலேயே டிராக்டர் சக்கரம் மாட்டிக்கொண்டு சும்மா சுற்றியது.

கேட் திறந்திருந்தால் ரயிலுக்குச் சிவப்பு. கீழே வளைவில் ஒரு கூட்ஸ் வண்டி வந்து நின்று ஊதத் தொடங்கியது.

"முனிரத்தினண்ணா, வண்டிய எடு! கூட்ஸு நிக்குது!"

"எங்கம்மா எடுக்கறது? இந்த பழத்த எங்க கொட்றதுன்னுதான் ஃபேக்டரியில இருந்து யோசன பண்ணிகினே வந்தேன். தேவுடே எடம் காமிச்சிட்டான்."

"உன் தேவுடுக்கு என் கேட்டுதான் கெடச்சிதா?"

குடிசை மாதிரி இருந்த கேட் ரூமுக்குள் போன் அலறியது. ஸ்டேஷன் மாஸ்டர். "எந்த சேப்பும்மா? இன்னும் எவ்ளோ நேரம்? பின்னாடி திருப்பதி வண்டி வந்துகினு கீது, தெலுசா?"

"அய்யிபோயிந்தி சார், ஆயிடிச்சி, ரெண்டு நிமிஷம்."

இரண்டு நிமிஷமாவது. பைக்கில் வந்து நின்றவர்களெல்லாம் இறங்கித் தள்ளினார்கள். டிராக்டர் உறுமிக்கொண்டு கரையேறியது. கையாலும் மண்வெட்டியாலும் பழத்தை ஓரத்துக்கு வாரித் தள்ளினார்கள். ஒருவர்கூட ஒரு பழத்தை எடுத்து மடியில் கட்டிக்கொள்ளவில்லை. வேறு வருஷமாக இருந்தால் அடிதடி நடந்திருக்கும்.

மிச்சமிருந்தது சாறும் நாரும்தான். கேட்டுக்குள் தண்டவாளத்தை ஒட்டி, சக்கரத்தின் விளிம்பு போவதற்கு ஒரு காடி உண்டு. அது நிறையப் பழக்கூழ். காடியில் ஏதாவது அடைத்துக்கொண்டால் சக்கரம் மேலேறிவிடும் என்பதால் அதைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் கேட் வேலையில் முதல் வேலை. குச்சியால் கிளறு, காய்ந்த சாக்கால் துடை என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு மாம்பழ சீசனில் வேறு ஒரு பாடம் கையிலேயே ஊறியிருக்கிறது. தரை ஒட்டுகிறதா, ஈ மொய்க்கிறதா, தண்ணீரை ஊற்றிக் கழுவு. யோசித்துச் செய்கிற காரியமா அது? கேசியா டிரம்மிலிருந்து குடம் குடமாய் மொண்டு ஊற்றினாள். விளக்குமாற்றால் தேய்த்தாள். காடி சுத்தமாயிற்று. தண்டவாளம் பளபளவென்று மின்னியது. ஸ்டேஷன் மாஸ்டர் மறுபடி கூப்பிடுவதற்குள் கேட்டை மூடி, சிக்னலை விட்டாள்.

கூட்ஸ் மூச்சு வாங்கிக்கொண்டு மேடேறியது. என்ஜின் கேட்டுக்கு வந்ததும் ஒரு கிறீச்சல். கேசியா காதைப் பொத்திக்கொண்டாள். அத்தனை கனமான என்ஜின் அசையாமல் நிற்க, சக்கரங்கள் மட்டும் வெறிபிடித்த மாதிரி சுற்றின. நெருப்புப் பொறி பறந்தது. இரும்பும் மாம்பழமும் சேர்ந்து வெந்த ஒரு வாசனை வந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது, அவளுக்கு அது தீரவே இல்லை. பிறகு எதையோ கடித்துக்கொண்ட மாதிரி ஒரு குலுக்கல். வண்டி நகர்ந்தது. போய்விட்டது.

அவளும் அத்தோடு விட்டுவிட்டாள். பக்கிரிசாமி வந்த பிறகுதான் என்ன நடந்தது என்றே தெரிந்தது.

பக்கிரிசாமி கீமேன். தோளில் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தினமும் அந்தத் தண்டவாளத்தை நடந்து பார்க்கிறவர். கேட்டுக்கு வந்தவர் குனிந்தார். உட்கார்ந்தார். பிறகு, "கேசியாம்மா, இங்க வா" என்றார்.

தண்டவாளத்தின் தலையில் நீலம் பாய்ந்த வட்டங்கள். விரலை வைத்தால் லேசாகப் பள்ளம் தட்டியது. எதிர்த் தண்டவாளத்திலும் அதே மாதிரி.

"சூடு வச்சிருக்கான் பாரு. மாட்டுக்கு வெக்கிற மாதிரி."

"இதனால இன்னா அண்ணா? லேசாத்தானே கீது."

"மேல லேசுதான். உள்ள அந்த எடம் கண்ணாடி மாதிரி இறுகிப் பூடும். போற வர்ற சக்கரம் ஒவ்வொண்ணும் அந்த பள்ளத்துல டொக்கு டொக்குன்னு குத்தும். குத்த குத்த வெடிப்பு உள்ளாற எறங்கும். ஒரு நாள் பட்டுனு போச்சின்னா நம்ம பேப்பருல வருவோம், போட்டோவோட." அவர் மூக்கை உறிஞ்சினார். கேட் பலகைகளுக்கு நடுவில் இன்னும் ஈரம் காயவில்லை. "தண்ணி ஊத்துனியா?"

கேசியா தலையை ஆட்டினாள்.

"அடப்பாவி. எண்ணெய ஊத்தியிருந்தா கூட இவ்ளோ வழுக்கி இருக்காது." கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "சரி வுடு. யாரு பாத்தாங்க? முனிரத்தினம் அப்பவே பூட்டான். வெயிலுக்கு இதோ காஞ்சிடும். உன் கையில ஆர்டர் கீது. வாயத் தொறக்காத."

ஆர்டர் என்றால் திருப்பதிக்கு டிரான்ஸ்ஃபர். அவளுடைய புருஷன் கிளமென்ட் திருப்பதியில் ரயில் பெட்டி ரிப்பேர் செய்கிற ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறான். மகள் எலிசா படிப்பதும் அங்கேதான். கல்யாணமாகிக் கொஞ்ச காலம் ஒன்றாக இருந்ததோடு சரி. வேலை கிடைத்ததிலிருந்து கேசியா சித்தூரில் ஒற்றை அறையில் தனியாகத்தான் இருக்கிறாள். அவளுக்கு ஓய்வு வியாழக்கிழமை. அன்றைக்கு ரயிலேறித் திருப்பதி போய், துணி துவைத்து, ஒரு வாரத்துக்குக் குழம்புப் பொடி இடித்து வைத்துவிட்டு, மறுநாள் விடியற்காலை வண்டிக்குத் திரும்பிவிடுவாள். பிள்ளை பெரியவளாகிவிட்டாள். சடங்குக்குத் தண்ணீர் ஊற்றியதுகூட வியாழக்கிழமை பார்த்துத்தான். எழுதிப் போட்டு, எழுதிப் போட்டு, கால் தேய நடந்து, இப்போதுதான் ஆர்டர் வந்திருக்கிறது. மாற்று ஆள் வந்ததும் கிளம்ப வேண்டியதுதான். ஆனால் பேரில் விசாரணை எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் ஆர்டர் அப்படியே நின்றுபோகும்.

கேசியா வாயைத் திறக்கவில்லை.

கேட்டுக்கு இரண்டு பக்கமும் மஞ்சள் பலகை நட்டார்கள். எல்லா வண்டியும் அந்த இடத்தில் ஊர்ந்துதான் போக வேண்டும். வண்டி ஊர்ந்தால் கேட் மூடியே கிடக்கும். கேட் மூடியே கிடந்தால் பைக்கில் வந்தவர்கள் கேசியாவின் வம்சத்தையே இழுத்துப் பேசினார்கள். பக்கிரிசாமி ஒரு தரம் பார்க்க வேண்டிய இடத்தை மறுபடி மறுபடி வந்து பார்த்துவிட்டுப் போனார். வண்டியில் ஒரு மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்து வெடிப்பு எவ்வளவு ஆழம் என்று சோதித்தார்கள். அது இறங்கியிருந்தது. இனி அந்தத் துண்டை வெட்டி எடுத்து, வேறு துண்டு போட்டு, இரண்டு முனையிலும் வெல்டிங் வைக்க வேண்டும். அதற்கு ரயில் போகாத நேரம் கேட்டு, அது கிடைக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். தண்டவாளம் மாற்ற வந்த கேங்க் ஆட்கள் மாமர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒருவன் சொன்னான்: "எவனோ ஒரு டிரைவரு ஒரு நிமிஷம் தூங்கிட்டான். நம்ம எல்லாருக்கும் வேல."

கேசியா கேட் ரூமுக்குள் போய் நின்றுகொண்டாள்.

விசாரணை பாகாலா ஸ்டேஷனில். அவள் போனபோது வெளியே வேப்பமரத்தடி சிமென்ட் பெஞ்சில் ஒரு இளைஞன் ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"நீங்க அந்த கேட்டுக்காரக்காவா? தமிழா?"

"ஆமாப்பா. நீ?"

"உமாபதி. நான்தான் அந்த கூட்ஸு. நகரி நமக்கு. நைனா பவர்லூமு ஓட்றாரு." சிரிக்கப் பார்த்தான். "டிரைவரா பிரமோஷன் வந்ததுக்கு ஊர்ல பிளெக்ஸ் வெச்சாங்கக்கா. அது கிழியறதுக்குள்ள இது."

கேசியா பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். உட்காராமல் உள்ளே போயிருக்கலாம்.

"சக்கரம் ஸ்லிப் ஆனதும் ஹேண்டில எறக்கி வேகத்த கொறச்சி இருக்கணும்க்கா. அது என் தப்புதான், இல்லன்னு சொல்லல. மேட்டுல நின்னுட்டா பின்னாடி திருப்பதி வண்டி மாட்டிக்கும், கன்ட்ரோல்ல கிழிப்பான்னு பயம். இழுத்தேன். ஆனா மணலு போட்டேன்க்கா. வழுக்குனா சக்கரத்துக்கு முன்னாடி மணலு வுடுவோம். புடிச்சிக்கும். அன்னிக்கு மணலே கஞ்சி மாதிரி ஆயிடுச்சி. தண்டவாளம் ஈரமா இருந்திச்சி."

கேசியா பெஞ்சின் விளிம்புக்கு நகர்ந்தாள்.

"அத்த சொன்னா சிரிக்கறாங்க. ஒரு வாரமா மழையில்ல, எங்க இருந்துடா வந்திச்சி ஈரம், கனவு கண்டியா, தண்ணி போட்டுகினு வண்டி ஓட்டுனியான்னு கேக்கறாங்க. ஊதச் சொல்லி மிஷினு வெச்சதுல ஒண்ணும் இல்லன்னு வந்திச்சே, அத்த மறந்துட்டாங்க." லேஸை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தான். "இப்ப எனக்கே சந்தேகமா கீதுக்கா. ஈரமா இருந்திச்சா, இல்ல நானா நெனச்சிகினேனா? நீங்க அங்கதானே இருந்தீங்க. ஈரமா இருந்திச்சா?"

உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து போனாள்.

அறையில் மேஜைக்கு ஒரு பக்கம் பிரபாகர் சார். தண்டவாளத்துக்குப் பொறுப்பான என்ஜினியர். கேசியாவுக்கும் பக்கிரிசாமிக்கும் மேலதிகாரி. மறுபக்கம் என்ஜின் டிபார்ட்மென்ட் இன்ஸ்பெக்டர், நாற்காலியில் சரிந்து அரைத் தூக்கத்தில் இருந்தார். தண்டவாளக்காரர் என்ஜின் மேல் போடுவார், என்ஜின்காரர் தண்டவாளத்தின் மேல் போடுவார். அதுதான் விசாரணை. இந்த முறை என்ஜின்காரருக்குப் போட இடமில்லை, அதனால் தூங்கினார்.

பிரபாகர் சார் ஒரு தாளை முன்னால் தள்ளினார். நல்ல மனிதர். அவளுடைய டிரான்ஸ்ஃபருக்குச் சிபாரிசு எழுதியவரே அவர்தான். "நுவ்வு செப்பக்கர்லேதம்மா. நீ ஒண்ணும் சொல்லவே வேணாம். நானே எழுதிட்டேன். 'கேட்டில் விழுந்த பழத்தை அப்புறப்படுத்தி, காடியைக் காய்ந்த சாக்கால் துடைத்து, அதன் பிறகே கேட்டை மூடினேன்.' கையெழுத்து போட்டுட்டு போம்மா. மாற்று ஆள் அடுத்த வாரம் வந்துடுவாரு."

பேனா மேஜை மேலேயே இருந்தது. கேசியா எடுத்தாள். நிப்பைத் தாளில் வைத்தாள். கே என்று எழுதினாள். ஜன்னலுக்கு வெளியே அந்தப் பையனின் முதுகு தெரிந்தது. அவளுக்கு அவன் மேல் பெரிய பாசம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் எரிச்சலாகத்தான் இருந்தது. ஈரமா இருந்ததா என்று கேட்காமல் இருந்திருக்கலாம். திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பாள்.

"சாக்கு இல்ல சார்" என்றாள்.

"ஏம்?"

"தண்ணி ஊத்தி கழுவுனேன். கூட்ஸு வர்றதுக்கு முன்ன. அந்த பையன் சொல்றது நெஜம். ஈரமாத்தான் இருந்திச்சி."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தூக்கம் போன இடம் தெரியவில்லை. பிரபாகர் சார் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்து, இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"எந்துக்கம்மா?"

ஏன் ஊற்றினாய் என்று கேட்கிறாரா, ஏன் சொன்னாய் என்று கேட்கிறாரா? முதலாவதற்குத்தான் அவளிடம் பதில் இருந்தது. "ஒட்டிகினு இருந்திச்சி சார். ஈ மொச்சிகினு இருந்திச்சி."

அவர் தாளை எடுத்து நாலாய்க் கிழித்தார். புதுத் தாள் எடுத்தார். "சரி, மொதல்ல இருந்து செப்பு" என்றார். குரலில் கோபம் இல்லை, வெறும் அலுப்பு.

முடிவு என்னவென்றால், பழி இரண்டாகப் பிரிந்தது. உமாபதியின் பங்கு குறைந்தது, ஒழியவில்லை. சக்கரம் சுற்றியும் வண்டி நகரவில்லை என்பது என்ஜினுக்குள் பதிவாகி இருக்கிறதே. அவனை மறுபடி டிரெய்னிங்குக்கு அனுப்பினார்கள், முடித்துவிட்டு வந்து ஓட்டலாம். பொய் சொன்னான், குடித்திருந்தான் என்பது மட்டும் அவன் பேரில் இல்லாமல் போயிற்று. கேசியாவுக்கு சார்ஜ் ஷீட் வந்தது. அது முடிகிற வரைக்கும் டிரான்ஸ்ஃபர் நிறுத்தி வைக்கப்படுகிறது என்று இன்னொரு தாளும் வந்தது. முனிரத்தினத்தைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை. மாங்காய்க்கு விலை கேட்டு ஜனம் ரோட்டில் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் விவசாயி மேல் கேஸ் போட்டால், அவர்கள் தண்டவாளத்துக்கு வந்து உட்காருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

"பெரிய யோக்கியக்காரி" என்றார் பக்கிரிசாமி. "ஞாயித்துக்கெழம பாஸ்டரு சொல்றத வேல நாள்லயும் கேக்கறவ நீ ஒருத்திதான்."

"ஞாயித்துக்கெழம நான் எங்கண்ணா கோயிலுக்கு போறேன்? டூட்டி."

"அதான் கெட்டுப்பூட்ட. போயிருந்தா மத்தவங்க மாதிரி இருந்திருப்ப." சொல்லிவிட்டு, கொண்டுவந்திருந்த புளிசாதத்தில் பாதியை அவள் டப்பா மூடியில் வைத்தார். தானும் இனி அந்தக் கேட்டில் புது ஆளைப் பழக்க வேண்டியதில்லை என்பது அவருக்கு ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை சித்தூரில் திருப்பதி வண்டி ஏறினாள். போனில் எதுவும் சொல்லியிருக்கவில்லை. புத்தலப்பட்டு தாண்டி மேடேறியதும் வண்டி வேகம் குறைந்து, எறும்பு மாதிரி ஊர ஆரம்பித்தது. மொட்டை போடப் போகிற ஒரு குடும்பம் எதிரே இருந்தது. குழந்தை அழுதது.

"இங்க மட்டும் இன்னாத்துக்கு இப்பிடி ஊர்றான்? தரிசன டைம் போச்சி."

"யாராவது அடிபட்டிருப்பான்."

"இல்ல இல்ல, லைன்ல ரிப்பேரு. போன வாரம் வந்தப்பவும் இதே எடம். சம்பளம் வாங்கறானுங்களே, ஒருத்தனும் வேல செய்யறதில்ல."

அவளுடைய கேட் ஜன்னலில் மெல்ல மெல்ல வந்தது. அவள் இடத்தில் இன்று டூட்டியில் இருந்தவர் பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு எங்கோ பார்த்து நின்றார். காலடியில் டொக்கென்று ஒரு குத்து, கொஞ்சம் விட்டு இன்னொன்று. உள்ளங்காலில் தெரிந்தது. வேறு யாரும் அதைக் கவனித்த மாதிரி இல்லை. கேசியா சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு சாய்ந்தாள்.

திருப்பதியில் கிளமென்ட் ஸ்கூட்டரோடு நின்றான். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஒர்க்‌ஷாப் வரைக்கும் செய்தி வந்துவிட்டது என்று. ரயில்வேயில் ரயிலைவிட வேகமாகப் போவது அது ஒன்றுதான்.

"அந்த பையன் நமக்கு சொந்தமா?"

"இல்ல."

"தெரிஞ்சவனா?"

"இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்குமே சொன்ன?"

"தண்ணிய நான்தானே ஊத்துனேன்."

அவன் வண்டியை ஸ்டார்ட் செய்தான். அணைந்தது. மறுபடி உதைத்தான். "நான் இருந்தா கையெழுத்து போட்டுட்டுதான் வந்திருப்பேன்" என்றான், முன்னால் பார்த்துக்கொண்டே. "எலிசாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லிக்க."

வீட்டில் எலிசா கதவைத் திறந்த கையோடு அவளை இழுத்துக்கொண்டு போய் பீரோவைத் திறந்து காட்டினாள். ஒரு தட்டு முழுக்கக் காலியாக இருந்தது. அடியில் புதுப் பேப்பர் விரித்திருந்தாள். "இது உனக்கு. என் புக்கெல்லாம் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன். உன் பொடவ வெச்சிக்க எடம் வேணும்ல."

கேசியா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சொன்னாள். மாம்பழம், தண்ணீர், என்ஜின், பாகாலா, ஒன்றையும் விடாமல் சொன்னாள். எலிசா பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டாள்.

"அந்த தண்டவாளத்த மாத்திட்டாங்களா?"

"அடுத்த வாரம் மாத்திடுவாங்க. ஆளு, சாமானு எல்லாம் ரெடியா கீது."

"மாத்திட்டா சரியாயிடும்ல? அப்புறம் உன்ன இன்னாத்துக்கு நிறுத்தி வெக்கணும்?"

"தண்டவாளம் மாத்தறது ஒரு நாள் வேலடி. இது பேப்பரு. எப்ப முடியும்னு யாருக்கும் தெரியாது."

எலிசா பீரோக் கதவை விட்டாள். "பழத்த நீயா கொட்டுன? வண்டிய நீயா ஓட்டுன?" என்று யாரிடமோ சண்டை போடுகிற மாதிரி கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து புத்தகங்களை வெளியே இழுத்தாள். தூசி படிந்திருந்தது.

கேசியா ஒவ்வொன்றாய் எடுத்துச் சேலையில் துடைத்துக் கொடுத்தாள். எலிசா வாங்கி வாங்கித் தட்டில் அடுக்கினாள்.